சம்பந்தியை மீனாக்கி வாங்கிய தூண்டில்

என் சம்பந்தி சிக்கண்ணா மீனாக மாறியது பட்டப்பகலில், கடைத்தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் பேனா. ஆறடி உயரம். தூண்டில் நரம்பின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, கேரம் போர்டுகளுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் நடுவே ஓடினார். கடைப்படி இறங்கித் தெருவுக்கே போய்விட்டார். நரம்பின் இந்த முனையில், கடைக்குள்ளே, கோலும் கையுமாக நான்.

"இன்னும் வேகமா, சம்பந்தி! கெண்டை இப்படியா ஓடும்? இது பென்ஷன் வாங்கப் போற நடை!"

"அம்மா, ஸ்கூட்டர் வருது!" என்று தெருவிலிருந்து கத்தினார்.

ஸ்கூட்டர்காரர் நின்றார். நரம்பைப் பார்த்தார். ஒரு முனையில் பெரிய மனுஷர், மறு முனையில் கிழவி. வண்டியை விட்டு இறங்கி, தலையைக் குனிந்து, நரம்புக்கு அடியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைசூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

என் மகன் மோகன் மட்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, எங்கள் இருவரையும் முன்பின் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு, ஒரு பேட்மிண்டன் பந்தின் இறகுகளை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

தூண்டில் கோல் வாங்க இவ்வளவு கூத்தா என்று கேட்பீர்கள். கூத்து வேண்டித்தான் இருந்தது. அந்தக் கோலின் நுனியில் என் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

ரெஸ்ட்

அதற்கு முந்தின மழைக்காலத்தில், துணி காயப்போடப் போன இடத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். விழுந்த விதத்தைப் பற்றி விரிவாக எழுத மாட்டேன். மதில்மேல் இருந்த பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான் சொல்வேன். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் பிரித்ததும் கை திரும்பி வந்தது. ஆனால் கல்யாண வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பிய பாத்திரம் மாதிரி ஒரு நெளிசலோடு வந்தது. ஜாடி மூடி திருகினால் உள்ளே எங்கோ சுருக்கென்றது. நிறைந்த பக்கெட்டைத் தூக்கினால், பக்கெட் என்னைத் தூக்குவதுபோல் இருந்தது.

நான் மைசூரில் அக்ரஹாரம் என்று பேர் மட்டும் உள்ள பேட்டையில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். அவர் போய்ச் சில வருஷமாகிறது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணிக்கொடி. நான் உலை வைக்கும் நேரம் பக்கத்துக் கோயில் மணிக்குத் தெரியும். மோகனும் மருமகள் ரேகாவும் ஊரின் வெளிவட்டத்தில், ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னல் தெரிகிற அடுக்குவீட்டில் இருக்கிறார்கள். லிப்ட் உண்டு. கதவு திறக்கும்போது அது ஒரு பெண் குரலில் என்னமோ சொல்லும். பதில் சொன்னால் கேட்காது.

கை முறிந்ததிலிருந்து மோகனுக்கு ஒரே பாட்டு.

"பக்கெட் தூக்க முடியல்ல. தனியா எப்படிம்மா இருப்பே? வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு. ஸும்னே, சும்மா ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்டுக்கும் அரெஸ்ட்டுக்கும் எனக்குத் தெரிந்து ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் மோகன் நல்ல பிள்ளை. அதுதான் சங்கடமே. கெட்ட பிள்ளையாக இருந்தால் நாலு வசவு கொடுத்து அனுப்பிவிட்டு, நிம்மதியாக ரசம் வைக்கலாம். நல்ல பிள்ளையிடம் தப்பிப்பதற்கு மூளை வேண்டும்.

ஒருநாள் சம்பந்தி காபிக்கு வந்திருந்தார். ரேகாவின் அப்பா. ஏதோ அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறானால் குண்டலுபேட்டை ரோட்டில் ஒரு ஏரிக்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். போன வாரம் சிக்கிய கெண்டை தோளைக் கழற்றிவிடப் பார்த்ததாகச் சொல்லி, தோளைத் தடவிக் காட்டினார். எனக்குப் பொறி தட்டியது.

"டேய் மோகனு, அந்த மாதிரி ஒரு மீனை இந்தக் கையால கரைக்கு இழுத்துட்டேன்னா, அப்பவும் கைக்கு வலுவில்லேம்பியா?"

மோகன் சிரித்தான். "இழுத்துட்டேன்னா நான் பூட்டைப் பத்திப் பேசவே மாட்டேன்."

"இழுக்க முடியல்லேன்னா நானே பூட்டறேன். சாவியை உன் கையில தரேன்."

"வேற யார் கையும் ராடு மேல படக்கூடாதும்மா. அப்புறம் சம்பந்தி பிடிச்சாரு, காத்து பிடிச்சுதுன்னு சொல்லக்கூடாது."

"படாது."

"நானு சாட்சி," என்றார் சம்பந்தி, மீசையில் காபி நுரையோடு.

மீன் எனக்குப் புதிசில்லை. என் வீட்டுக்காரரும் தூண்டில்காரர்தான். ஆனால் ஆயுசுக்கும் என்னைக் கோலைத் தொடவிட்டதில்லை. "பொம்பளை கை பட்டா மீன் கடிக்காது" என்பார். ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் சேர்த்து இரை பிசைந்து கொடுத்தது யார்? நான்தான். அவர் பிடித்த மீனெல்லாம் என் கையைக் கடித்துத்தான் வந்தன. அதை அவரிடம் சொல்லி ஏன் மனசை நோகடிப்பது என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு 'ப'

இந்த இடத்தில் கொஞ்சம் பாதை மாறுகிறேன். திரும்பிக் கடைக்குத்தான் வருவேன்.

நான் பிறந்தது பவானி. வாழ்க்கைப்பட்டது மைசூர். வந்த புதிதில் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. தமிழும் ரொம்பத் தெரியும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் ஒன்று தெரியும். தமிழில் ஒரே ஒரு 'ப'. அதை வைத்துக்கொண்டு பாலும் வாங்குவோம், பஸ்ஸும் ஏறுவோம். கன்னடத்தில் 'ப' ஒரு கூட்டுக்குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து, தனிச் சமையல்.

வந்த வாரமே தெருக்குழாயில் வம்பு. நான் குடத்தைத் தூக்கத் திணறுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். "பிடி, பிடி" என்றாள்.

கன்னடத்தில் அதற்கு 'விடுங்க' என்று அர்த்தம். மரியாதையாக, 'நீங்க விடுங்க, நான் தூக்கிட்டு வரேன்' என்கிறாள், புண்ணியவதி. எழுத்தில் பார்த்தால் நம் 'பிடி'யேதான். முதல் எழுத்தை மட்டும் கொஞ்சம் அமுக்கிச் சொல்வார்கள். எனக்கு எங்கே தெரிகிறது அமுக்கல்? பிடிக்கச் சொல்கிறாள் என்று இறுக்கிப் பிடித்தேன். அவள் "பிடி" என்றாள். நான் இன்னும் பிடித்தேன். இப்படி ரொம்ப மரியாதையாக நாங்கள் இழுத்ததில் குடம் சப்பையானது. பிறகு அவளும் நானும் பல வருஷம் சிநேகிதம். அந்தக் குடத்தைத் தவிர எங்களுக்குள் எந்த நசுங்கலும் இல்லை.

இன்னொன்று. மோகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, வாசலில் நின்ற சிக்கண்ணா, கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, என் தம்பியைப் பார்த்து, "பன்னி, பன்னி!" என்றார். பவானியிலிருந்து வந்தவன் என் தம்பி. படியில் வைத்த காலை எடுத்துவிட்டான்.

"ஏனக்கா, கூப்பிட்டு வச்சுப் பன்னிங்கறாரே?"

"வாங்கன்னு சொல்றாருடா. ஏறு."

"வாங்கன்னா வாங்கன்னு சொல்லலாமில்ல?"

கல்யாணம் முடியும்வரை அவன் முகம் சரியாகவில்லை. எனக்கு மட்டும் சிக்கண்ணாவை அன்றே பிடித்துவிட்டது. மனுஷர் மரியாதையிலேயே பிறந்தவர். பெற்ற நான் மோகனை 'டேய்' என்கிறேன். மாமனாரான அவர் மாப்பிள்ளையை 'வாங்க, உட்காருங்க' என்றுதான் பேசுவார். பால்காரருக்கும் அதே மரியாதை. தெருநாயையும் 'பன்னி' என்றுதான் கூப்பிடுவார். நாய்க்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. கன்னடத்தில் சம்பந்திக்கு 'பீகரு'. பூட்டுக்கு 'பீக'. கிட்டத்தட்ட ஒரே சொல். கண்டுபிடித்தவன் வீட்டில் சம்பந்தி வந்து ஒரு மாசம் தங்கியிருப்பார்.

துப்பாத ஆக்‌ஷன்

சரி, கடை.

அன்று காலை கடைக்குப் போகும் வழியில் மோகன் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினான். தேங்காய் மூடி அளவு. என் வாசல் கதவுக்காம். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு என் தோல்வியில். எனக்குக் காட்டாமல் பைக்குள் போட்டான். பையே ஒரு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்தது.

கடைக்காரத் தம்பி மூன்று கோல்களை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"அஜ்ஜி, இது ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இது மீடியம் ஆக்‌ஷன். இது த்ரூ ஆக்‌ஷன்."

"எதுக்குப்பா துப்பறே?"

"துப்பல்ல அஜ்ஜி. த்ரூ. த்ரூ ஆக்‌ஷன்."

"ஃபாஸ்ட் ஆக்‌ஷன்னா பத்துப் பேரைப் போட்டு அடிக்கிறது. தெரியும். மீடியம்னா ரெண்டு பேரை அடிச்சுட்டுப் பாட்டுக்குப் போறது. இது வில்லன் மூஞ்சில துப்பிட்டுப் போறதாக்கும்?"

சம்பந்தி கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மோகன் பொறுமையாக விளக்கினான். போனில் வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்தவன்.

"அம்மா, ஆக்‌ஷன்னா இழுக்கும்போது கோல் எதுவரைக்கும் வளையுதுங்கறது. நுனி மட்டும் வளைஞ்சா ஃபாஸ்ட். பாதி வரைக்கும் வளைஞ்சா மீடியம். கைப்பிடி வரைக்கும் மொத்தமா வளைஞ்சா த்ரூ."

"வளையறதுக்கா இவ்வளவு இங்கிலீஷ்?"

மோகனுக்கு ஃபாஸ்ட்தான் பிடித்தது. விறைப்பாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. ஏரி நடுவுக்கே எறியலாமாம். மீன் கடித்த நொடியில் முள் சட்டென்று ஏறுமாம். சம்பந்திக்கு மீடியம். அவருக்கு வாழ்க்கையில் எல்லாமே மீடியம். காபியில் சர்க்கரை மீடியம், டிவியில் சத்தம் மீடியம், கோபமும் மீடியம். மூன்றாவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழுப்பு நிறத்தில், மேலே லேசாகத் தூசியோடு கிடந்தது.

"மோகனு, அந்தப் பூட்டை எடு."

"எந்தப் பூட்டு?"

"பையில தூங்கிட்டிருக்கே, அது."

அசடு வழிய எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு கோலிலும் நரம்பை வளையங்கள் வழியாகக் கோத்து, நுனியில் பூட்டைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன்.

ஃபாஸ்ட்காரன் நுனியை மட்டும் குனிந்தான். மேலதிகாரி போகும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார்களே, அந்த வணக்கம். மீடியம்காரன் இடுப்புவரை குனிந்தான். கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலைத் தொடக் கிளம்பி முழங்காலோடு நிறுத்திக்கொள்ளும் பையன்களின் நமஸ்காரம். மூன்றாவது, தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாமாக, என் உள்ளங்கை வரைக்கும் வளைந்தது. மேல்கோட்டைச் சன்னதியில் விழுவார்களே, அப்படி ஒரு சாஷ்டாங்கம்.

அதோடு விடவில்லை. பூட்டைக் குலுக்கிப் பார்த்தேன். மீன் சும்மா தொங்குமா, உதறுமே! ஃபாஸ்ட்டில் ஒவ்வொரு உதறலும் எலும்பு ஒட்டிய இடத்தில் வந்து டொக்கென்று கதவு தட்டியது. மூன்றாவதில் உதறல் கோலுக்குள் ஏறியது. ஏறி, வழியிலேயே எங்கேயோ கரைந்துபோனது. மணிக்கட்டுக்குச் சேதியே வரவில்லை.

"அதை யாரும் வாங்கறதில்ல அஜ்ஜி," என்றான் கடைக்காரத் தம்பி. "ரொம்ப மெத்து. தூரமா எறிய வராது."

"பூட்டு தொங்கும்மா, ஓடாது," என்றான் மோகன். "மீனு ஓடும். ஓடும்போது இந்த நொய்யாங்கோல் என்ன பண்ணும்?"

"அது நிஜ," என்று சம்பந்தியும் தலையாட்டினார். "ஓடறப்போ பார்க்கணும்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். ஒரு பூட்டைச் சோதித்தாயிற்று. இன்னொரு பூட்டு எதிரிலேயே நிற்கிறது.

"சம்பந்தி, நீங்க மீனாயிருங்க."

"நானா? பேடா அம்மா, வேண்டாம்! ஜனங்க பார்க்கறாங்க!"

"மோகனை ஓடச் சொல்லலாம். ஆனா அவன் அம்மான்னு பாவம் பார்த்து மெதுவா ஓடுவான். நீங்கதான் நியாயமான மனுஷர்."

நியாயமான மனுஷர் என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எனக்குப் பாடமும் சொன்னார்.

"நான் ஓடறப்போ பிடி. நின்னா சுத்துங்க."

கன்னடப் பிடி. ஓடும்போது நரம்பை விடுங்க, நின்றால் சுற்றுங்க என்கிறார். அன்று என் காதில் சரியாகவே விழுந்தது.

முதல் ஓட்டம், ஃபாஸ்ட். மட்டைகள் வரை போய்ச் சட்டென்று திரும்பினார். கோல் வளைய மறுத்தது. நரம்பு அவர் கையிலிருந்து விர்ரென்று உருவிக்கொண்டது. உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "மீன் போச்சு," என்றார். இரண்டாவது, மீடியம். மீன் தப்பவில்லை. என் மணிக்கட்டுதான் முனகியது. மூன்றாவதுதான் ஸ்கூட்டர்காரர் பார்த்த ஓட்டம். படியிறங்கினார், திரும்பினார், தலையை உதறினார். ஒரு கட்டத்தில் நிஜமாகவே தப்பிக்கப் பார்த்தார். பழுப்புக்கோல் அவர் போன பக்கமெல்லாம் வளைந்தது. விடவும் இல்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தானாகவே படியேறி வந்தார்.

"கூட்டத்துல பெரியவங்க தோள்ல கை போட்டு வெளியே கூட்டிட்டு வருவாங்களே, அப்படி இருக்கு அம்மா. கோபமே வரல்ல."

"பன்னி, பன்னி!" என்றேன், நானும் மரியாதையாக.

பழுப்புக்கோலை வாங்கினோம்.

நாணல் ஓரம்

மறுநாள் காலை ஏரி. கரையில் ஈரமண்ணும் எருமையும் கலந்த வாசனை. தூரத்தில் வெள்ளைக் கொக்குகள், நமக்கென்ன என்று ஒற்றைக்காலில். இரை உருண்டைகளை இடது கையால் பிசைந்து, வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

நாணல் ஓரமாகவே தூண்டிலைப் போட்டேன். அதற்குமேல் அந்தக் கோலுக்கு எறியவும் வராது.

"இங்க எங்கம்மா மீனு வரும்? பெரிய மீனெல்லாம் நடு ஏரியில இருக்கும்."

"இருக்கட்டும். அது சாப்பிட எங்கே வரும்?"

கெண்டை பன்றி ஜாதி. கரையோரச் சேற்றைக் கிளறித் தின்னும். கிளறிய இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் வரும். நாணல் பக்கம் அந்தக் குமிழைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்து மெதுவாக, "பன்னி, பன்னி," என்று கூப்பிட்டேன். தமிழ் மீனாக இருந்தாலும் சரி, கன்னட மீனாக இருந்தாலும் சரி, கோபிக்க முடியாது.

வெயில் ஏறியது. இட்லிப் பொட்டலம் தீர்ந்தது. தக்கை அசையவில்லை. மோகன் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வந்து, "கை வலிக்குதாம்மா?" என்றான். கை வலிக்கவில்லை. அடுப்படி நினைவு வந்தது. பின்பக்கத் துணிக்கொடி நினைவு வந்தது. லிப்ட்டில் பேசும் அந்தப் பெண்ணின் குரலும் வந்தது. மோகன் பையில் பூட்டு இன்னும் இருந்தது. அவன் நடக்கும்போதெல்லாம் டிபன்பாக்ஸில் இடித்துச் சத்தம் போட்டது.

தக்கை ஒரு தடவை தலையாட்டியது. பிறகு படுத்தது. பிறகு இல்லை.

கோலைத் தூக்கினேன். அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் கனத்தது. ரீல் கிறீச்சென்று கத்த, நரம்பு ஓடியது. ஏரி நடுவுக்குப் போயிருந்தால் சந்தோஷமாக அனுப்பியிருப்பேன். சனியன், நாணலைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே நுழைந்துவிட்டால் தண்டுகளில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விடும். என் வீடும் அதோடு போய்விடும்.

முதுகுக்குப் பின்னால் சிக்கண்ணா அலறினார்.

"பிடி! பிடி!"

பிடித்தேன்.

உள்ளங்கையை ரீலின் மேல் அப்படியே அழுத்தினேன். நரம்பு நின்றது. கோல் வளைந்தது. நுனி தண்ணீரைத் தொட்டது. வளைவு இறங்கி, இறங்கி, கைப்பிடிக் கட்டைக்குள் வந்தது. என் கைக்குள்ளே ஏதோ உயிருள்ளது நெளிவதுபோல் இருந்தது. அந்தப் பளபளக் கறுப்புக்கோலாக இருந்தால் அந்த நொடியில் நரம்பு போயிருக்கும், அல்லது முள் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். கெண்டைக்கு உதடு மெத்து. பழுப்புக்கோல் முழு உடம்பாலும் குனிந்தது. மீனின் கோபத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டது. மணிக்கட்டில் ஒரு டொக் இல்லை.

நாணலுக்கு ஒரு முழம் முன்னால் மீன் நின்றது. தலையைத் திருப்பியது. சுற்றினேன். மறுபடி ஓடியது, இந்தத் தடவை அரை மனசாக. சுற்றினேன். கடைசியில் சேற்றில் புரண்டு, பொன் நிறச் செதில் வெயிலில் மினுங்க, ஒரு வயசுக் குழந்தை கனத்துக்குக் கரையில் வந்து விழுந்தது. நானும் அதற்குப் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

யாருக்குச் சொன்னது?

மூச்சு வந்ததும்தான் சந்தேகம் வந்தது.

"சம்பந்தி, மீன் ஓடும்போது விடணும்னுதானே கடையில பாடம் சொன்னீங்க? இப்ப எதுக்குப் பிடிக்கச் சொன்னீங்க?"

"நான் பிடிக்கச் சொல்லல்லே அம்மா. பிடின்னேன்."

குழாயடிக் குடம் என் கண்முன்னால் மறுபடி நசுங்கியது. இத்தனை வருஷம் கன்னடத்தில் பேரம் பேசி, சண்டை போட்டு, கனவே அதில் கண்டு என்ன பிரயோஜனம்! கன்னடம் என் வாய்க்கு வந்திருக்கிறது, கைக்கு இன்னும் வரவில்லை. விடச் சொன்னபோது பிடித்துவைத்திருக்கிறேன். கோல் ஒன்றுதான் எங்கள் இருவர் பாஷையும் புரிந்துகொண்டு குனிந்து சமாளித்திருக்கிறது.

"ஐயையோ! நீங்க நரம்பை விடச் சொன்னீங்க. நான் பவானிக்காரியா நின்னுட்டேனே!"

சிக்கண்ணா சங்கடமாக நெளிந்தார். மீசையைத் தடவினார். மோகனைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சொல்லவேயில்ல அம்மா."

"பின்னே?"

"மாப்பிள்ளைக்குச் சொன்னேன்."

திரும்பிப் பார்த்தேன். மோகன் என் தோளுக்குப் பின்னால், வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தான். நாணல் பக்கம் மீன் திரும்பியதும் என்னைப் போலவே அவனுக்கும் பதறியிருக்கிறது. கோலைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டான். இன்னும் ஒரு சாண். தொட்டிருந்தால் பந்தயம் போயிற்று. சாட்சிக்காரர் அதைப் பார்த்துத்தான், அந்த அவசரத்திலும் மரியாதை குறையாமல், 'விடுங்க, விடுங்க' என்று மாப்பிள்ளையைப் பார்த்து அலறியிருக்கிறார். அவன் விட்டுவிட்டான். நான் பிடித்துவிட்டேன். ஒரே சொல், இரண்டு வேலை.

"பூட்டு ஜெயிக்கட்டும்னு தொட வந்தியாடா?"

"இல்லம்மா." அவன் காது சிவந்தது. "நீ தோத்துடுவியோன்னு பயந்துட்டேன். கை தானா போச்சு."

மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, மீனை அவன் கையில் கொடுத்தேன்.

குழம்பு என் அடுப்படியில்தான் கொதித்தது. சம்பந்திக்கு ராகி முத்தே என்கிற களி உருண்டை, எங்களுக்குச் சோறு. கெண்டையில் முள் அதிகம். அதனால் சாப்பிடும்போது யாரும் பேசவில்லை, நிம்மதியாக இருந்தது. பித்தளைப் பூட்டுக்கும் வேலை கொடுத்தேன். எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியில், காய் மேலே மிதந்து வராமல் அமுக்க ஒரு தட்டு வைப்பேன். அந்தத் தட்டின் மேல் கனத்துக்கு அது உட்கார்ந்திருக்கிறது. சாவி எங்கே என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

பாத்திரம் கழுவக் குழாயடியில் பக்கெட்டை நிரப்பினேன். முக்கால்தான். எனக்கும் கணக்குத் தெரியும். இரண்டு கையாலும் தூக்கி நிமிரும்போது பக்கத்தில் மோகன். அவன் கை பக்கெட்டை நோக்கி நீண்டது.

"பிடி," என்றேன்.

கை பாதி வழியில் நின்றுவிட்டது. இந்தப் பத்திரிகையில் அச்சாகும்போது எப்படி ஒரே மாதிரி இருக்கிறதோ, என் வாயிலிருந்தும் அதை அப்படியே அனுப்பியிருந்தேன், முதல் எழுத்தை அமுக்கியும் அமுக்காமலும். பிடிக்கச் சொல்கிறாளா, விடச் சொல்கிறாளா? என் முகத்தைப் பார்த்தான். முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தான். அவர் வெற்றிலையை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவன் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பக்கெட் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.